நியூயோர்க் குடிக்கும் தண்ணீர்

நியூயோர்க் நகரத்து உணவுச்சாலைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சென்று அமர்ந்ததும், நாம் வாய் திறந்து கேட்பதற்கு முன்னரே, பரிசாரகர் ஒரு குவளை குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். அதற்குக் காசு வாங்குவதில்லை. அது போத்தலில் அடைத்து விற்கும் தண்ணீரும் அன்று. குழாயைத் திறந்து பிடித்த வெறும் தண்ணீர்தான்.

ஒக்டோபர் மாதத்துக் காலைப் பொழுதொன்றில், நாற்பத்திரண்டாம் வீதியில் உள்ள சிறிய உணவுச்சாலை ஒன்றிலே அத்தண்ணீரை ஒரு மிடறு குடித்த நாம், "நல்ல சுவையாக இருக்கிறதே, இது எந்த ஆற்றுத் தண்ணீர்?" என்று எமது நண்பரைக் கேட்டோம். நண்பர் அந்நகரிலேயே முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். எந்தப் புகையிரதம் எங்கே நிற்கும், எந்தக் கடையில் எது மலிவு என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் சிறிது நேரம் யோசித்தார். "எங்கோ மலையிலிருந்து வருகிறது என்று சொல்வார்கள்," என்றார். எந்த மலை, எத்தனை மைல், எவ்வழியே என்று கேட்டபோது சிரித்துவிட்டார்.

எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் வாழும் நகரம் அது. நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு கோடி கலன் தண்ணீர் அங்கே செலவாகிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது என்பதை அதைக் குடிப்பவர்களே அறியாதிருப்பது எமக்கு வியப்பாக இருந்தது. எமக்கு மூன்று நாள் ஓய்வு இருந்தது. நண்பரிடம் மோட்டார் வண்டி இருந்தது. குழாயிலிருந்து புறப்பட்டு, தண்ணீர் வந்த வழியே எதிர்த்திசையில் மலைவரை போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம்.

உப்புநீர் சூழ்ந்த தீவு

நகரின் நடுப்பகுதியான மன்ஹட்டன் ஒரு தீவு. மேற்கே ஹட்சன் ஆறு, கிழக்கே கிழக்காறு. பெயர்தான் ஆறு, இரண்டிலும் கடல்நீர் ஏறி இறங்குவதால் குடிப்பதற்கு உதவா. ஆதியில் அங்கு குடியேறியவர்கள் கிணறுகளையும், தீவின் தெற்கே இருந்த நன்னீர்க் குளம் ஒன்றையும் நம்பியே வாழ்ந்தனர். தோல் பதனிடுவோரும் கசாப்புக்காரரும் கழிவுகளை அக்குளத்திலேயே கொட்டினர். நாற்றம் பொறுக்கமாட்டாத நிலை வந்தபோது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே குளத்தையே தூர்த்துவிட்டனர்.

1799ஆம் ஆண்டில் ஆரன் பேர் என்னும் அரசியல்வாதி, நகரத்துக்குத் தண்ணீர் வழங்குவதற்கென்று ஒரு கொம்பனியை நிறுவ அநுமதி பெற்றார். அநுமதிப் பத்திரத்தில், மீதமாகும் பணத்தை வேறு தொழிலில் ஈடுபடுத்தலாம் என்ற ஒரு வாசகமும் நுழைந்திருந்தது. கொம்பனி உடனே ஒரு வங்கியைத் திறந்தது. மரக்கட்டைகளைக் குடைந்து செய்த குழாய்களின் வழியே கொஞ்சம் தண்ணீரும் வழங்கியது; ஆனால் அதன் கருத்தெல்லாம் வங்கியின் மேலேயே இருந்தது. வங்கி செழித்தது, நகரம் தாகத்தோடு இருந்தது.

1832இல் வாந்திபேதி பரவியபோது ஏறத்தாழ 3,500 பேர் மாண்டனர். 1835 டிசம்பர் 16ஆம் நாள் இரவு பெருந்தீ மூண்டது. கடுங்குளிரில் ஆற்றுநீர் உறைந்து கிடந்தது; பனிக்கட்டியை உடைத்து இறைத்த நீரும் தீயணைக்கும் குழாய்களுக்குள்ளேயே உறைந்தது. ஏறத்தாழ எழுநூறு கட்டடங்கள் சாம்பலாயின. நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் நகரமே இல்லை என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

நாம் காலையுணவு உண்ட இடத்துக்கு அண்மையிலேயே நியூயோர்க் பொது நூல் நிலையம் இருக்கிறது. வாயிலில் இரண்டு பளிங்குச் சிங்கங்கள் படுத்திருக்கும் அந்த மாளிகையைப் படத்திலாவது பார்க்காதவர் குறைவு. அந்த இடத்திலே முன்பு ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருந்தது. எகிப்தியக் கோயில் மதிலைப்போன்ற உயர்ந்த சுவர்கள். அச்சுவர்களின் மேலே மாலை வேளைகளில் ஜனங்கள் உலாவுவார்களாம். நூல் நிலையத்தின் உள்ளே, தெற்கு முற்றத்தின் கீழ்ப்பகுதியில், அந்தப் பழைய நீர்த்தேக்கத்தின் கல் அடித்தளத்தை இன்றும் காணலாம். எமது பயணத்தை அங்கிருந்தே தொடங்கினோம். கரடுமுரடான அக்கல்லைத் தொட்டுப் பார்த்த நண்பர், "எத்தனை முறை இங்கே படிக்க வந்திருக்கிறேன், இதைப் பார்த்ததேயில்லை," என்றார்.

மைலுக்குப் பதின்மூன்று அங்குலம்

நூல் நிலையத்து நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது குரோட்டன் நீர்வழி. அது 1837இல் தொடங்கி 1842இல் முடிந்தது. நகருக்கு வடக்கே உள்ள குரோட்டன் ஆற்றில் ஓர் அணை கட்டி, அங்கிருந்து 41 மைல் தூரத்துக்குச் செங்கல்லால் ஒரு மூடிய கால்வாய் அமைத்தனர். ஒரு மனிதன் தாராளமாக நிமிர்ந்து நடக்கக்கூடிய உயரமுடைய கால்வாய் அது. தலைமைப் பொறியியலாளர் ஜோன் ஜேர்விஸ். பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளரே மண்ணை வெட்டினர், கல்லைச் சுமந்தனர்.

மாணவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். இந்தக் கால்வாயில் எங்கும் இயந்திரமில்லை. தண்ணீர் தன் பாரத்தாலேயே பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. சரிவு அதிகமானால் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து செங்கல்லை அரித்துவிடும், குறைந்தால் தேங்கிவிடும். எனவே மைலுக்கு ஏறத்தாழ 13 அங்குலம் என்ற அளவில் சரிவை வைத்தனர். அக்காலத்து அளவைக் கருவிகளைக் கொண்டு, குன்றுகளைக் குடைந்தும் பள்ளங்களுக்கு மேலே பாலமிட்டும் அந்தச் சரிவைத் தவறவிடாமல் கொண்டுவந்தார்கள். வேலை முடிந்ததும், நால்வர் ஏறிய ஒரு சிறு படகைக் கால்வாய்க்குள் மிதக்கவிட்டுச் சோதனை பார்த்தனர். 1842 ஒக்டோபர் 14ஆம் நாள் நகரமே விழாக் கொண்டாடியது.

ஹார்லம் ஆற்றைக் கடப்பதற்காகக் கட்டிய உயர்பாலம் 1848இல் நிறைவெய்தியது. மன்ஹட்டனின் வடபகுதியில், பாறை விளிம்பு ஒன்றிலிருந்து படிகளால் இறங்கி அப்பாலத்துக்குச் சென்றோம். ஆதியில் பதினைந்து கல் வளைவுகள் இருந்தன. கப்பல்களுக்கு இடைஞ்சல் என்று 1920களின் பிற்பகுதியில், நீரின்மேல் இருந்த வளைவுகளை நீக்கி ஓர் உருக்கு வளைவை அமைத்தனர். நெடுங்காலம் பூட்டிக்கிடந்த பாலம் 2015இல் பாதசாரிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. நாம் சென்றபோது பள்ளிச் சிறுவர் சிலர் அதன்மேல் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தனர். அவர்களுடைய காலுக்குக் கீழேதான் ஒரு காலத்தில் நகரத்தின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பால், ஹட்சன் கரையோர ஊர்களினூடே, பழைய கால்வாயின் முதுகின்மேலேயே ஒரு நடைபாதை செல்கிறது. ஏறத்தாழ மைலுக்கு ஒன்றாகக் கல்லால் கட்டிய சிறு கோபுரங்கள் நிற்கின்றன. கால்வாய்க்குள் காற்றுப் போவதற்காக வைத்தவை அவை. நாய்களோடு நடப்போரும், குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும் அவ்வழியே போகின்றனர். பழைய குரோட்டன் கால்வாய் 1955 வரை நகரத்துக்கு நீர் வழங்கியது. அதற்கு முன்பே, 1890இல், அதைவிடப் பெரிய புதிய குரோட்டன் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. ஆயினும் நகரத்தின் தாகம் அடங்கவில்லை. 1898இல் புரூக்லின் முதலிய பகுதிகளும் நியூயோர்க்குடன் சேர்ந்து ஒரே மாநகரமாயின. இனி எங்கே போவது? வடமேற்கே, நூறு மைல் தொலைவில் இருந்த கட்ஸ்கில் மலைகளின்மீது நகரத்தின் கண் விழுந்தது.

ஆற்றின் கீழே ஓர் ஆறு

மறுநாட் காலை ஹட்சன் ஆற்றின் வழியே வடக்கு நோக்கிச் சென்றோம். இலையுதிர் காலம், இரு கரைகளிலும் மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாய் நின்றன. ஐம்பது மைல் கடந்ததும், ஆறு இரு மலைகளுக்கிடையே நெருக்கப்படும் ஓரிடம் வருகிறது. மேற்கே ஸ்டோர்ம் கிங் மலை; கிழக்கே பிரேக்நெக் மலை. வண்டியை நிறுத்தி இறங்கினோம். ஒரு சரக்குப் படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆற்றின் அடியில், நிலத்துக்குள்ளே, இன்னோர் ஆறு குறுக்கே பாய்கிறது.

கட்ஸ்கில் நீர்வழியை அமைத்தவர்களுக்கு ஹட்சன் ஆறே பெருந்தடையாக நின்றது. ஆற்றின் அடியிலே உறுதியான பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று துளையிட்டுப் பார்த்தார்கள். எழுநூறு அடிக்கு மேல் தோண்டியும் மணலும் கூழாங்கல்லுமே வந்தன. முடிவில் இரு கரைகளிலும் ஆழமான கிணறுகளை இறக்கி, அவற்றிலிருந்து சாய்வாக ஆற்றின் அடியை நோக்கித் துளையிட்டுப் பாறையைக் கண்டறிந்தனர். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,100 அடி கீழே, கருங்கல்லின் ஊடாகச் சுரங்கம் குடையப்பட்டது.

ஒரு கரையில் ஆயிரம் அடிக்கு மேல் இறங்கும் தண்ணீர் மறுகரையில் எப்படி ஏறுகிறது என்று கேட்கலாம். பாடசாலை ஆய்வுகூடத்தில் வளைந்த கண்ணாடிக் குழாயில் நீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். ஒரு பக்கம் ஊற்றிய நீர் மறுபக்கம் அதே மட்டத்துக்கு உயரும். மலையிலிருந்து வரும் நீருக்கு இங்கேயும் இயந்திரத்தின் உதவி வேண்டியதில்லை. நகரை அடைந்தபின்னும் அந்த அழுத்தம் எஞ்சி நின்று, கட்டடங்களின் ஏறத்தாழ ஆறாம் மாடிவரைக்கும் நீரை ஏற்றிவிடுகிறது. அதற்கு மேலே உள்ளவர்களுக்காகத்தான் கூரைகளின்மேல் மரத்தாற் செய்த பீப்பாய்த் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். நியூயோர்க்கின் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவை தெரியும்.

அஷோகன்

அன்று பிற்பகல் கட்ஸ்கில் மலையடிவாரத்தை அடைந்தோம். அங்குள்ள பெரிய நீர்த்தேக்கத்துக்கு அஷோகன் என்று பெயர். பெயர்ப் பலகையைக் கண்டதும் எமக்கு அசோகச் சக்கரவர்த்தியின் நினைவு வந்தது. ஆனால் அவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்நாட்டுப் பூர்வகுடிகளின் மொழியிலிருந்து வந்த பெயர் அது.

அணையின்மேல் நின்று பார்த்தபோது பேச்சு எழவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் நீல நீர். அதற்கப்பால் அடுக்கடுக்காக மலைகள். அவற்றின் நிழல் நீரிலே தலைகீழாகக் கிடந்தது. ஒரு பருந்து வட்டமிட்டது. 12,300 கோடி கலன் தண்ணீரை அது கொள்ளும். 1907இல் கட்டத் தொடங்கினார்கள். 1915இல் அங்கிருந்து முதல் நீர் புறப்பட்டது. 92 மைல் நீளமான கட்ஸ்கில் நீர்வழி 1917 முதல் மாநகரம் முழுவதற்கும் நீரூட்டியது. தலைமைப் பொறியியலாளர் வால்டோ ஸ்மித் தம் காலத்தில் பெரும்புகழ் பெற்றார். தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்களும், இத்தாலியிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வந்த தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் அங்கே உழைத்தனர்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் செல்லும் பாதையில் வண்டியை ஓட்டினோம். வழியோரத்தில் ஒரு பழுப்புநிறப் பலகை நின்றது. ஊர்ப்பெயரைச் சொல்லி, 'முன்பு இருந்த இடம்' என்று அதில் எழுதியிருந்தது. சிறிது தூரத்தில் இன்னொன்று. பின்னும் ஒன்று. ஷோகன், மேற்கு ஹேர்லி, கிளென்போர்ட், பிரவுன்ஸ் ஸ்டேஷன் என்று ஊர்களின் பெயர்கள். பலகை இருந்த இடத்தில் ஊர் இல்லை, நீர் இருந்தது.

அங்கே இசோப்பஸ் என்னும் ஓடை பாய்ந்த பள்ளத்தாக்கு ஒன்று இருந்தது. வயல்கள், ஆலைகள், தேவாலயங்கள், பாடசாலைகள், ஒரு புகையிரதப் பாதை, பிஷப் நீர்வீழ்ச்சி என்று பெயர்பெற்ற ஓர் அருவி, எல்லாம் இருந்தன. 1905இல் இயற்றிய சட்டத்தின்படி, வேண்டிய நிலத்தை எடுத்துக்கொள்ள நகரத்துக்கு அதிகாரம் கிடைத்தது. நிலம் கொடுக்க விருப்பமா என்று எவரும் கேட்கவில்லை. ஏறத்தாழ 2,000 பேர் இடம்பெயர்ந்தனர். வீடுகளைச் சிலர் பெயர்த்துக்கொண்டு போயினர், எஞ்சியவை எரிக்கப்பட்டன. நீரில் அழுகி அதைக் கெடுத்துவிடக்கூடாது என்று மரங்களை வெட்டி வேரையும் களைந்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி, இறந்தோரையும் வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். நட்டஈட்டு வழக்குகள் பல ஆண்டுகள் இழுபட்டன.

நீர்க்கரை நடைபாதையிலே ஒரு வாங்கில் முதிய மாது ஒருவர் தனியே அமர்ந்திருந்தார். எம்மைக் கண்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார். எங்கிருந்து வருகிறீர்கள், தண்ணீரைப் பார்க்கவா வந்தீர்கள் என்று விசாரித்தார். எமது எண்ணத்தைச் சொன்னதும் சிறிது நேரம் மௌனமாக இருந்தார்.

"என்னுடைய பாட்டி பிறந்த வீடு அதோ அந்தப் பக்கம்," என்று நீரின் நடுவே கையைக் காட்டினார். "அவருக்குப் பத்து வயதில் ஊரை விட்டார்கள். வீட்டு வாசலில் ஓர் அப்பிள் மரம் இருந்ததாம். அதன் ருசி வேறெந்தப் பழத்திலும் இல்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வண்டியிலே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்."

"உங்களுக்குக் கோபம் இல்லையா?" என்று நாம் கேட்டோம்.

"கோபம் பாட்டியோடு போய்விட்டது. நான் தினமும் இங்கே வருகிறேன். இது அழகான இடம். ஆனால் ஒன்று, நியூயோர்க்கில் இருப்பவர்கள் குழாயைத் திறக்கும்போது ஒரு தடவையாவது எங்களை நினைத்தால் நல்லது," என்றார்.

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

'மூழ்காத' ஊர்

மூன்றாம் நாள் தெற்கு நோக்கித் திரும்பி, வாவர்சிங் என்னும் ஊரைக் கடந்து சென்றோம். பார்வைக்கு அமைதியான ஊர். ஆனால் அங்கே சில வீடுகளின் நிலவறைகளில் மழை பெய்யாத நாளிலும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. காரணம் நிலத்துக்குள்ளே அவ்வழியாகப் போகும் டெலவெயர் நீர்வழி.

கட்ஸ்கில் நீரும் போதாமற்போனபோது நகரம் இன்னும் மேற்கே, டெலவெயர் ஆற்றின் கிளைகளை நாடியது. அந்த ஆற்றை நம்பியிருந்த நியூ ஜேர்சி மாநிலம் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1931இல் நாளொன்றுக்கு 44 கோடி கலன் வரைக்கும், 1954இல் 80 கோடி கலன் வரைக்கும் எடுத்துக்கொள்ள நகரத்தை அனுமதித்தது. 1939இல் தொடங்கி ஆறு ஆண்டுகளுக்குள் குடைந்த டெலவெயர் நீர்வழி 85 மைல் நீளமானது. உலகிலேயே மிக நீண்ட சுரங்கம் என்று பெயர் பெற்றது. நகரம் குடிக்கும் நீரில் ஏறத்தாழ பாதி இதன் வழியே வருகிறது.

அந்தச் சுரங்கத்தில் இரண்டு இடங்களில் வெடிப்புகள் உண்டு. நாளொன்றுக்கு மூன்றரைக் கோடி கலன் வரைக்கும் நீர் கசிவதாகக் கணக்கிட்டார்கள். அடைப்பதற்கு நீரை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் நகரத்தின் பாதித் தண்ணீர் நின்றுவிடும். ஆகவே ஹட்சன் ஆற்றின் 600 அடி கீழே, கசியும் பகுதியைச் சுற்றிக்கொண்டு போக இரண்டரை மைல் நீளமான புதிய சுரங்கம் ஒன்று குடையப்பட்டு, 2019இல் குடையும் வேலை முடிந்தது. குடைந்த இயந்திரத்துக்கு நோரா என்று பெயரிட்டனர். நகரத்தின் நீர்வேலையில் முன்னாளில் பணியாற்றிய நோரா ஸ்டன்டன் என்னும் பெண் பொறியியலாளரின் நினைவாக வைத்த பெயர் அது. இரண்டு சுரங்கங்களையும் இணைப்பதற்காக 2024 ஒக்டோபரில் பழைய வழியை மூடினார்கள். மழை பொய்த்தது, அடுத்த மாதமே வேலையை ஒத்திவைத்து மீண்டும் நீரைத் திறக்கவேண்டியதாயிற்று. இத்தனை செல்வமுள்ள நகரமும் வானத்தைப் பார்த்தே வாழ்கிறது என்பதை அந்த மாதம் காட்டியது.

வாவர்சிங்கிலிருந்து மேற்கே ஏறினால் முதலில் ரொன்டவுட், அதன்பின் நெவர்சிங்க் என்னும் நீர்த்தேக்கம் வரும். நெவர்சிங்க் என்பதும் பூர்வகுடிகளின் சொல்லிலிருந்து திரிந்த பெயரே. ஆனால் ஆங்கிலக் காதுக்கு அது 'ஒருபோதும் மூழ்காதது' என்று ஒலிக்கும். அப்பெயர் கொண்ட சிற்றூரைத்தான் நீரில் மூழ்கடித்தார்கள். அதனுடன் பிட்டர்சுவீட், அதாவது 'கசப்பும் இனிப்பும்' என்னும் ஊரும் மூழ்கியது. 1954இல் அங்கிருந்து நீர் வழங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் பெபக்டன் நீர்த்தேக்கத்துக்காக நான்கு ஊர்கள் போயின. 1964இல் கனன்ஸ்வில் நீர்த்தேக்கத்தோடு அணை கட்டும் படலம் முடிந்தது. மூன்று முறைமைகளுக்கும் சேர்த்து இன்று 19 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன.

கடனைத் தீர்க்கும் வழி

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால், பலமுள்ளவன் எளியவனிடமிருந்து எடுத்துக்கொண்டான் என்பதுதான் பொருளாக இருக்கும். ஆனால் 1990களில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அதற்கு நல்ல மனம் மட்டும் காரணமன்று. கணக்கும் ஒரு காரணம்.

ஆற்றுநீரையும் குளத்துநீரையும் குடிநீராக வழங்கும் நகரங்கள் அதனை வடிகட்டியே வழங்கவேண்டும் என்று 1989இல் அமெரிக்க மத்திய அரசாங்கம் விதித்தது. நீர்பிடி நிலம் தூய்மையாக இருப்பதை நிரூபிப்போருக்கு மட்டும் விலக்கு உண்டு. கட்ஸ்கில், டெலவெயர் நீரை வடிகட்டும் ஆலைக்கு 600 கோடி டொலருக்கும் மேலாகும் என்று மதிப்பிட்டார்கள். மலையைப் பாதுகாப்பதற்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். ஆனால் மலையில் நகரத்தாரா இருக்கிறார்கள்? அங்கே இருப்பவர்கள் உழவரும் மாடு வளர்ப்போரும். அவர்களுடைய மாட்டெருவும் வீட்டுக் கழிவும் ஓடையில் சேர்ந்தால் அது நகரத்துக் குழாய்க்கு வந்துவிடும். நகரசபை கடுமையான விதிகளை வெளியிட்டபோது மலைமக்கள் கொதித்தெழுந்தனர். பாட்டன்மார் பட்டதை அவர்கள் மறக்கவில்லை.

பல ஆண்டுப் பேச்சுவார்த்தையின் பின்னர், 1997 ஜனவரியில் நகரமும் மாநிலமும் மத்திய அரசாங்கமும் மலையூர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன. நகரம் தன் செலவிலே மலையூர்களின் கழிவுநீர் நிலையங்களைத் திருத்தும், வீட்டு மலக்குழிகளைப் புதுப்பிக்கும், உழவர்களுக்கு உதவும். காட்டைக் காப்பதற்காக நிலமும் வாங்கும். ஆனால் விற்க விரும்புபவரிடம் மட்டுமே வாங்கும். இந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தபோது அஷோகன் கரையில் இருந்த அம்மாதின் பாட்டியை நினைத்தோம். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு கேட்காத கேள்வியைக் கேட்க நகரம் கற்றுக்கொண்டது.

டெலவெயர் மாவட்டத்திலே பால்மாட்டுப் பண்ணை ஒன்றைப் பார்த்தோம். ஓடையை ஒட்டி வேலி போட்டிருந்தது. மாடுகள் ஓடைக்குள் இறங்காமல் தொட்டியில் நீர் குடித்தன. எருவைச் சேர்த்து வைக்கச் சீமெந்துத் தளம் அமைத்திருந்தனர். "இதற்கெல்லாம் பணம் நகரம் கொடுத்தது," என்றார் பண்ணைக்காரர். "என் தகப்பனார் நகரத்து அதிகாரி என்றாலே கதவைச் சாத்துவார். நான் கோப்பி கொடுக்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நகரம் நிலத்தை வாங்கிக்கொண்டே போனால் எங்கள் பிள்ளைகள் எங்கே வீடு கட்டுவது என்ற பயம் இருக்கிறது. ஆனாலும் இப்போது கேட்டுச் செய்கிறார்கள்."

அப்பகுதியின் பெரிய பண்ணைகளிற் பெரும்பாலானவை இத்திட்டத்தில் தாமாகவே சேர்ந்திருக்கின்றன. குரோட்டன் நீரை மட்டும் 2015 முதல் வடிகட்டுகிறார்கள். மலையிலிருந்து வரும் நீருக்குக் குளோரின் முதலியவற்றைச் சேர்த்து, புற ஊதாக் கதிரால் கிருமிகளை ஒழிக்கிறார்கள், வடிகட்டுவதில்லை. காடும் மண்ணும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

அன்றிரவு நகருக்குத் திரும்பினோம். பசி மிகுதியால் அதே நாற்பத்திரண்டாம் வீதி உணவுச்சாலைக்கே சென்று அமர்ந்தோம். பரிசாரகர் வழக்கம்போல் இரண்டு குவளை தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து மேசையில் சாப்பிட்டு எழுந்தவர்கள் நான்கு குவளைகளையும் அரைவாசி குடித்தபடி விட்டுப் போயினர். பரிசாரகர் அவற்றை எடுத்து ஒரு வாளியில் ஊற்றினார்.

நண்பர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு தம்முடைய குவளையை எடுத்து, ஒரு துளியும் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார்.

"அஷோகன் தண்ணீராக இருக்குமோ, நெவர்சிங்க் தண்ணீராக இருக்குமோ?" என்று கேட்டார்.

எதுவானால் என்ன? நாமும் எமது குவளையைக் குடித்து முடித்தோம்.